ஊருக்குள் மது விற்க இசைவு தரலாமா?

(நெய்யூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பஞ்சாயத்துக் கூட்டங்களில் நாம் பெரும்பாலும் குடிநீரையும் சாலையையும் தெருவிளக்கையும் பற்றிப் பேசுகிறோம். இவற்றில் அபிப்பிராய பேதம் எழுந்தாலும் பகை எழுவதில்லை. ஆனால், ஊருக்குள் மது விற்பனை என்ற பேச்சு எழுந்தவுடன் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சாரார் ஆத்திரப்படுகின்றனர். மற்றொரு சாரார் எழுந்து வெளியே போய்விடுகின்றனர். எஞ்சியிருப்போர் கை தூக்குகின்றனர். எதையும் விசாரிக்காமலே தீர்மானம் நிறைவேறுகிறது. அவ்வாறு நிறைவேறிய தீர்மானம் நெடுநாள் நிற்பதில்லை.

மது தீயது என்று சொல்வதற்காக மட்டும் இன்று நாம் கூடவில்லை. அதனை நம் தாய்மார்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஒரு சிறு கடையில் மது பரிமாறலாமா என்ற கேள்வி ஊரின் முன் வந்தால், அதனை எவ்வாறு விசாரிப்பது, யார் யாருடைய சொல்லைக் கேட்பது, எவ்வாறு முடிவு காண்பது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம்.

கேட்பவர் யார்?

உதாரணமாக ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். சாலையோரத்தில் ஓலை வேய்ந்த கடை. காலையில் தேநீரும் பழம்பொரியும். நண்பகலில் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். ரப்பர் பால் வெட்டுவோரும், குளச்சலிலிருந்து மீன் கொண்டு வருவோரும், திங்கள்சந்தைக்குப் போய் வருவோரும் அங்கே சற்று அமர்ந்து போகிறார்கள். கடைக்காரருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் இருக்கிறது. படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலையில் அவருடைய கடையில் ஆள் இல்லை. “இரண்டு மணி நேரம் மது பரிமாற எனக்கு இசைவு கிடைத்தால் கடை பிழைத்துவிடும்” என்று அவர் ஒரு நாள் கேட்கிறார்.

இந்தக் கேள்வி வேறு வடிவங்களிலும் வரும். ஒருவர் தம் கட்டடத்தை மதுக்கடைக்கு வாடகைக்கு விட விரும்புவார். இன்னொருவர் தென்னந்தோப்பு வைத்திருப்பார். தேங்காய் விலை இறங்கிய ஆண்டில், கள் இறக்கி விற்கலாகாதா என்று கேட்பார். இவர்களில் எவரும் கெட்ட மனிதர் அல்லர். பிழைப்புக்கு வழி தேடுகிறவர்கள். ஆதலால் முதலில் அவர்களை மரியாதையுடன் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். கேட்பவரைத் திட்டி அனுப்பிவிட்டு ஊர் நலனைக் காத்துவிட்டோம் என்று எண்ணுவது தவறு. அவர் இரவில் மறைவாக விற்கத் தொடங்கினால் ஊருக்கு இரட்டிப்புக் கேடு.

ஆயினும் இதில் ஓர் உண்மையை நாம் கண் முன் வைத்துக்கொள்ள வேண்டும். இசைவு கேட்பவர் ஒருவர். அதற்கு விலை கொடுக்கப் போகிறவர்கள் பலர். அந்தப் பலரும் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தாலும் வாய் திறப்பதில்லை. விலை கொடுக்கப் போகிறவர்கள் முடிவு செய்யும் இடத்தில் இருக்க வேண்டும். இன்று நாம் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே. மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

உறுப்பினர்கள் முதலில் தம் அதிகாரத்தின் எல்லையை அறிந்திருத்தல் அவசியம். இல்லாத அதிகாரத்தை உண்டென்று நம்பிப் பேசினால் ஏமாற்றமே மிஞ்சும்.

நமது அரசியலமைப்பின் 40ஆவது விதி கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கச் சொல்கிறது. 47ஆவது விதி, மருந்துக்கன்றி மது அருந்துவதை ஒழிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே பகுதியில் வழிகாட்டும் கொள்கைகளாக அமைந்தவை. ஆனால், மதுவைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 8ஆவது இனத்தில் இருக்கிறது. பஞ்சாயத்துகளுக்கு உரிய 29 விஷயங்களைக் கூறும் பதினோராவது அட்டவணையில் மது இடம்பெறவில்லை.

நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. அருந்தும் இடங்கள் எனில், அக்கடைகளுடன் இணைந்த மதுக்கூடங்களும், லைசென்சு பெற்ற மன்றங்களும், நட்சத்திர ஓட்டல்களுமே. நாம் மேலே சொன்ன தேநீர்க் கடைக்காரருக்கு மது பரிமாற லைசென்சு பெற வழியில்லை. இதனை அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுவது அவருக்குச் செய்யும் உதவியாகும். “நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம், நீங்கள் நடத்துங்கள்” என்று எந்த உறுப்பினரும் வாய்மொழியாகச் சொல்லலாகாது. நாளை வழக்கு வந்தால் சிறை செல்வது கடைக்காரரே.

மதுக்கடைக்கோ விதிகள் உண்டு. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிக்கும் வழிபாட்டு இடத்துக்கும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை அமையலாகாது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களில் அத்தொலைவை 220 மீட்டராகக் குறைத்தது. இத்தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கில் பிறந்தது என்பதும், அதனால் நம் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான கடைகள் இடம்பெயர நேர்ந்தது என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை. சாலையிலிருந்து பெயர்ந்த கடைகள் எங்கே சென்றன? பல இடங்களில் ஊருக்குள் வர முயன்றன. அந்த ஆண்டில் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் பெண்கள் திரண்டு எதிர்த்ததற்குக் காரணம் இதுவே.

கிராம சபையின் தீர்மானம் ஒன்றே கடையை மூடிவிடும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. ஆயினும் அத்தீர்மானம் வீணன்று. காரணங்களும் அளவுகளும் கையொப்பங்களும் கொண்ட தீர்மானம், மாவட்டக் கலெக்டரின் முன்னும், தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் முன்னும், ஊரின் சாட்சியமாக நிற்கும். கிராம சபை கிராம ஊராட்சிகளுக்கு உரியது. நெய்யூர் போன்ற பேரூராட்சிகளில் மன்றத்தின் தீர்மானமும் மக்களின் எழுத்து மூலமான ஆட்சேபமுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உண்ணாமலைக்கடையில் நடந்தது

தொலைவிலுள்ள கதையைத் தேட வேண்டியதில்லை. மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள உண்ணாமலைக்கடையை நாம் அனைவரும் அறிவோம். அங்கே பள்ளிக்கும் வழிபாட்டு இடத்துக்கும் அருகே இருந்த மதுக்கடையை அகற்ற வேண்டும் என்று மக்கள் கேட்டு வந்தார்கள். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசி பெருமாள் அவர்களுக்குத் துணையாக வந்தார். 2015 ஜூலை 31 அன்று அலைபேசிக் கோபுரத்தின் மீது ஏறி நின்று போராடிய அவர், அப்போராட்டத்திலேயே உயிர் நீத்தார். அவருக்கு வயது 59.

அந்தச் செய்தி அன்று மாநிலம் முழுவதையும் உலுக்கியது. அதிலிருந்து பஞ்சாயத்தார் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஊரின் சொல் காது கொடுத்துக் கேட்கப்படும் ஓர் இடம் கடை திறப்பதற்கு முன்னரே இருந்திருக்குமானால், எவரும் கோபுரம் ஏற வேண்டியிருந்திராது. கடை வந்த பின் அதை அகற்றுவது கடினம். வாடகை ஒப்பந்தம் இருக்கும், வேலை பெற்றவர்கள் இருப்பார்கள், வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஆகவே விசாரணை முதலில் நடைபெற வேண்டும்.

பிற இடங்களில் கண்ட வழிகள்

முடிவை ஊரிடமே விட்டுவிட்ட தேசங்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டம், வாக்காளரில் பத்தில் ஒருவர் கேட்டால் ஊர்தோறும் வாக்கெடுப்பு நடத்த வழி செய்தது. விக் என்ற மீன்பிடி ஊர் அவ்வாறு வாக்களித்து, 1922 முதல் 1947 வரை மதுக்கடை இல்லாமல் இருந்தது. பின்னர் அதே முறையில் வாக்களித்துக் கடைகளைத் திரும்பத் திறந்தது. நம் குளச்சலைப்போல் கடலை நம்பிய ஊர் அது. அவ்வூரார் செய்தது சரியா என்று நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. மூடியபோதும் திறந்தபோதும் சண்டையின்றி ஊராரே முடிவு செய்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

சுவீடன் தேசத்தில் கோதன்பர்க் நகரம் 1865இல் வேறொரு வழியைக் கண்டது. மதுக்கடைகளைத் தனியாரிடம் விடாமல் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, நடத்துபவருக்குச் சாராய விற்பனையில் இலாபம் இல்லை, உணவு விற்றால் மட்டும் இலாபம் உண்டு என்று வைத்தது. அதிகம் குடிக்க வைப்பதில் எவருக்கும் ஆதாயம் இருக்கலாகாது என்பதே அதன் நோக்கம். சிறந்த யோசனைதான். ஆயினும் நாளடைவில் உபரிப் பணம் நகரத்தின் வருமானமாகிவிட்டது. நகரமே அந்த வருமானத்தை விட மனமின்றிப் போயிற்று என்ற குறையும் எழுந்தது. மது வருமானத்தில் ஒரு முறை கை நனைத்த எந்த ஆட்சிக்கும் இந்தச் சோதனை வரும். நம் மாநிலத்தில் 2023-24இல் மது விற்பனையால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் என்பதையும் நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில் 1992ஆம் ஆண்டில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தார்கள். 1993இல் அம்மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. பழங்குடி மக்கள் வாழும் அட்டவணைப் பகுதிகளில் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், மது விற்பனையைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் கிராம சபைக்கே அதிகாரம் அளிக்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் இல்லாமையால் அது நமக்குப் பொருந்தாது. கேரளத்தில் உள்ளாட்சியின் இசைவு வேண்டும் என்று இருந்த விதி 2017இல் நீக்கப்பட்டது.

இவற்றுள் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது மகாராஷ்டிரத்தின் 2008ஆம் ஆண்டு ஏற்பாடு. அங்கே ஊரிலுள்ள பெண் வாக்காளரில் நான்கில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுக் கேட்டால் இரகசிய வாக்கெடுப்பு நடைபெறும். வாக்குச் சீட்டில் நிற்கும் புட்டியும் கிடக்கும் புட்டியும் படங்களாக இருக்கும். பாதிக்கு மேற்பட்டோர் கிடக்கும் புட்டியைத் தேர்ந்தால் கடை மூடப்படும். படத்தைப் பார்த்து எழுத்தறியாதவரும் வாக்களிக்கலாம். இரகசியம் எதற்கு என்றால், கணவரும் மாமனாரும் உட்கார்ந்திருக்கும் சபையில் ஒரு பெண் கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போவது எளிதன்று. கை தூக்கச் சொல்வது பெண்களின் கருத்தை அறியும் வழியாகாது என்பதை அந்த மாநிலம் உணர்ந்திருக்கிறது. நமக்கும் இது பாடம்.

விசாரிக்க வேண்டிய ஆறு விஷயங்கள்

இனி, கேள்வி நம் முன் வந்தால் எவற்றை விசாரிப்பது என்று பார்ப்போம்.

முதலாவது, கேட்கப்படுவது என்ன? வாங்கிச் செல்லும் கடையா, அமர்ந்து அருந்தும் இடமா? இரண்டும் ஒன்றல்ல. அமர்ந்து அருந்தும் இடத்தில் நேரம் நீளும். சண்டையும் இரைச்சலும் சேரும்.

இரண்டாவது, இடம். பள்ளி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், நியாய விலைக் கடை, பேருந்து நிறுத்தம், பெண்கள் மாலையில் நடக்கும் வழி ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, நாடா பிடித்து அளந்து எழுத வேண்டும். “அருகில் இருக்கிறது” என்று எழுதுவதைவிட “82 மீட்டர்” என்று எழுதுவது வலிமை உடையது.

மூன்றாவது, கூலி. நம் ஊரில் கூலி எந்த நாளில், எங்கே கிடைக்கிறது? கூலி வாங்கியவர் வீடு சேரும் வழியில் அந்தக் கடை இருக்கிறதா? ஒருவர் நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிக்குச் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். 300 நாளைக்கு 45,000 ரூபாய். அத்தகைய குடும்பம் 100 இருந்தால், ஓராண்டில் 45 இலட்சம் ரூபாய் ஊரை விட்டு வெளியேறுகிறது. அந்தப் பணம் ஊரில் தங்கினால் மளிகைக் கடைக்காரரும் தையற்காரரும் நம் தேநீர்க் கடைக்காரருமே பிழைப்பார்கள். ஒவ்வோர் ஊரும் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம்.

நான்காவது, வருமானம். கடை வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்? கட்டடத்துக்கு உரியவருக்கு வாடகை கிடைக்கும். வரி அரசுக்குப் போகும். புட்டி பொறுக்குவதும் சாக்கடை அடைப்பு எடுப்பதும் பஞ்சாயத்தின் செலவு. வயலில் உடைந்து கிடக்கும் கண்ணாடி நாற்று நடும் பெண்ணின் காலைக் கிழிக்கிறது. நீலகிரி மாவட்டத்தில் 2022ஆம் ஆண்டு முதல், புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுக்கும் முறை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் வந்தது. எந்த ஊரும் இத்தகைய ஏற்பாட்டை வற்புறுத்த உரிமையுடையது.

ஐந்தாவது, உடல்நலம். நெய்யூர் மருத்துவத் தொண்டுக்குப் பெயர் பெற்ற ஊர். டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838இல் இங்கே தொடங்கிய பணி இன்று பெரிய மருத்துவமனையாக நிற்கிறது. எவரெஸ்ட் மலை ஏறும் முயற்சிகளில் பங்கேற்ற டாக்டர் சாமர்வெல் பல ஆண்டுகள் இங்கே அறுவை மருத்துவராகத் தொண்டு புரிந்தார். புற்றுநோய்க்கும் இவ்வூரில் சிகிச்சை நடைபெறுகிறது. மது புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988லேயே வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என்று மதுவுக்கு ஒன்றும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஊர்க் கூட்டத்துக்கு ஒரு மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து, அவர்கள் அன்றாடம் காண்பதைக் கூறச் செய்யலாம்.

ஆறாவது, மறுத்தால் கேட்டவர் எவ்வாறு பிழைப்பார்? இக்கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. இதைச் சற்றுப் பின்னர் விரித்துக் கூறுவோம்.

மறுபக்கத்தையும் கேட்க வேண்டும்

மதுவை எதிர்ப்போர் மறுபக்கத்தின் நியாயங்களைக் கேட்க அஞ்சலாகாது. அவற்றுள் இரண்டு வலுவானவை.

ஒன்று, கள்ளச் சாராயம். கடை இல்லாவிட்டால் குடிப்பவர் குடியை விடமாட்டார். நஞ்சைக் குடிப்பார் என்கிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த கோரங்களை நாம் மறக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தோர் 60 பேருக்கு மேல். மெத்தனால் என்ற தொழிற்சாலைச் சாராயம் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைக் கெடுக்கிறது. பின் உயிரைக் குடிக்கிறது. ஆனால், அவ்விரு துயரங்களும் அரசின் மதுக்கடைகள் திறந்திருந்த மாநிலத்தில்தான் நேர்ந்தன. மலிவு விலைக்காக ஏழை அங்கே சென்றான். ஆகவே கடை இருப்பது ஒன்றே பாதுகாப்பன்று. கடையை மறுப்பது ஒன்றே பாதுகாப்புமன்று. கடை வேண்டாம் என்று தீர்மானிக்கும் ஊர், மறைவு விற்பனையைக் கண்காணிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். தீர்மானத்தின் இரண்டாவது வரி அதுவாகவே இருக்கட்டும்.

மற்றொன்று, கள். கடையில் விற்கும் பிராந்தியில் சாராயச் சத்து நூற்றுக்கு 42.8; கள்ளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் லைசென்சு பெற்ற கள்ளுக்கடைகள் உள்ளன; நம் மாநிலத்திலோ 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. வலிய மதுவை அரசே விற்க, உழவன் தன் மரத்தின் மெல்லிய மதுவை விற்கலாகாது என்பது என்ன நீதி என்று விவசாயிகள் கேட்கிறார்கள். இக்கேள்வியை எள்ளி நகையாடிவிட முடியாது. சட்டத்தை மாற்றுவதும் மாற்றாததும் சட்டமன்றத்தின் வேலை. ஆனால் நாளை கள் அனுமதிக்கப்பட்டாலும் மேற்கூறிய ஆறு விசாரணைகளும் கள்ளுக்கடைக்கும் பொருந்தும். மெல்லிய மது என்பதனால் கூலி வீடு சேர்ந்துவிடாது.

இந்த நாட்டில் மதுச் சட்டம் பலமுறை மாறியிருக்கிறது. இராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்த நம் மாவட்டமும் இம்மாற்றங்களையெல்லாம் கண்டது. மேலிடத்துச் சட்டம் இவ்வாறு மாறிக்கொண்டிருக்கையில், ஊர் தன் நன்மையைத் தானே விசாரித்து அறியும் பழக்கம் ஒன்றே நிலையான பாதுகாப்பு.

மறுத்தவர் கடமை

இப்போது ஆறாவது கேள்விக்கு வருவோம். இசைவு இல்லை என்று சொல்வது ஐந்து நிமிட வேலை. அந்தக் கடைக்காரரின் மாலை நேரத்துக்கு வேறு வியாபாரம் காட்டுவது ஓராண்டு வேலை. முன்னதை மட்டும் செய்த பஞ்சாயத்து பாதி வேலையைத்தான் செய்தது.

இதற்கும் நம் மாவட்டத்திலேயே வழிகாட்டிகள் உண்டு. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம், சிறு விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் கூட்டாக விற்கும் முறையையும் கற்பித்தது. அன்று வீட்டுக் கொல்லையில் வைத்த தேன்பெட்டிகள் பின்னர் ஒரு தொழிலாகவே வளர்ந்தன. மார்த்தாண்டம் தேனும், கன்னியாகுமரி மட்டி வாழைப்பழமும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. சாலையோரத்துத் தேநீர்க் கடை ஒன்றில் மட்டிப் பழமும், நல்ல தேனும், கருப்பட்டிக் காப்பியும், காலத்தில் அக்கானியும், பனங்கிழங்கும் தூய்மையாகக் கிடைக்குமானால், குமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய் வரும் பயணிகள் வண்டியை நிறுத்த மாட்டார்களா? தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்கவும் 2017ஆம் ஆண்டில் அரசு வழி திறந்தது. மாலையில் கடை முன் ஒரு விளக்கு, கழிப்பிடம், குடிநீர் ஆகியவற்றைப் பஞ்சாயத்து செய்து தரலாம். கூட்டுறவுச் சங்கம் கடன் தவணையைச் சற்றுத் தள்ளித் தரலாம். சுய உதவிக் குழுவின் பலகாரங்களை அக்கடை வழியே விற்கலாம். இவை பெரிய காரியங்கள் அல்ல. ஆனால், யாரேனும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய காரியங்கள்.

முடிவு காணும் முறை

கூட்டத்துக்கு முன்னரே விஷயத்தைத் தெளிவாக அறிவித்துவிட வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும்; இந்த எண்ணிக்கையைக் கையொப்பத்துடன் பதிவு செய்ய வேண்டும். முதலில் இசைவு கேட்டவர் பேசட்டும்; எவரும் இடைமறிக்கலாகாது. அடுத்து, கடைக்கு அண்டை வீட்டார், ஆசிரியர், செவிலியர், சுய உதவிக் குழுப் பெண்கள் பேசட்டும். கூட்டத்தில் பேசத் தயங்கும் பெண்களின் கருத்தைப் பெயரில்லாத சீட்டில் பெற்றுப் பெட்டியில் போடச் செய்து, எண்ணிக்கையை மட்டும் படிக்கலாம். இதற்குச் சட்டப்படி வாக்கெடுப்பின் மதிப்பு இல்லை. ஆயினும் ஊரின் மனத்தை அறிய இதைவிட நல்ல வழி நாம் அறிந்தவரை இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நம் உள்ளாட்சி இடங்களில் சரிபாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது வெறும் நாற்காலி நிரப்புவதற்காக அன்று.

பின்னர் காரணங்களை எழுத வேண்டும். “ஊர் நலன் கருதி” என்று ஒரு வரி எழுதுவது போதாது. அளவு, கணக்கு, சீட்டின் எண்ணிக்கை, மாற்றுத் தொழிலுக்கு ஏற்ற பொறுப்பு ஆகிய நான்கும் இருக்கட்டும். அதன் நகலைக் கலெக்டருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். ஓராண்டு கழித்து அதே சபையில் அதே விஷயத்தை மீண்டும் எடுத்து, சொன்னபடி செய்தோமா என்று பார்க்க வேண்டும்.

நண்பர்களே, நம் பக்கத்துப் பனையேறிகள் அறிந்த ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் அக்கானி கிடைக்கிறது. விடிலியில் காய்ச்சினால் கருப்பட்டியாகிறது. தடவாமல் கட்டினால் அதுவே புளித்துக் கள்ளாகிறது. புளித்த பின் எவ்வளவு சுண்ணாம்பு இட்டாலும் அது இனிப்பாகத் திரும்புவதில்லை. ஆகையால் பனையேறி, கலயத்தைக் கட்டும் முன்பே அதைப் பார்த்துக்கொள்கிறார். நம் பஞ்சாயத்துகளும் கடை திறந்த பின் அன்று, திறக்கும் முன்பே கூடி விசாரிக்க வேண்டுகிறோம்.